இறுக்கிப் பிடியுங்கோ

கத்தி உள்ளே போனபோது ட்ரம்பெட் உச்சத்தில் இருந்தது.

யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

குத்துப்பட்ட சுகிர்தன் ஓர் அடி பின்னால் வைத்தான். அதுவும் ஆட்டத்தின் அடியைப் போலவே இருந்தது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த தொப்பிக்காரர் சிரித்தபடி அவன் தோளில் தட்டினார்.

இவன் கத்தியை வெளியே இழுத்தான். சூடாக ஏதோ மணிக்கட்டுவரை வழிந்தது.

இரண்டாவது குத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்களின் வட்டம் சுழன்றது. பச்சைப் பாவாடை கட்டிய ஒருத்தி இடையில் புகுந்து, இவன் தோளில் மோதி, ஸ்பானிய மொழியில் ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

டொரொன்டோவின் அந்தத் தெருவை இரண்டு முனைகளிலும் மறித்திருந்தார்கள். கார்கள் போகிற இடத்தில் குடும்பம் குடும்பமாக ஆடினார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கிட்டார், முரசு, கல்லில் வேகும் சோளமாவு ரொட்டியின் வாசனை.

இங்கே தமிழ் ஆட்கள் வரமாட்டார்கள். அதனால்தான் இவன் இந்த நாளைப் பார்த்து வந்தான்.

சுகிர்தன் இந்தத் தெருவில்தான் குடியிருந்தான். எல் சல்வடோர்க்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டு, வாள், கும்பல் எல்லாவற்றையும் விட்டுவிட்டான் என்று ஆட்கள் சொன்னார்கள்.

விட்டுவிட்டானாம்.

கும்பலில் இருந்த காலத்தில், கோப்பிக் கடை வாசலில் சுகிர்தன் வாளை வீசியபோது, இவனுடைய அண்ணன் நிமலன் முகத்தை மறைக்க இரண்டு கைகளையும் தூக்கினான். முகம் தப்பியது. கைகள் தப்பவில்லை. அம்மா இன்றைக்கும் சோற்றைக் குழைத்து அவனுக்குத் தீத்திவிடுகிறாள். தாடி வளர்ந்த பிள்ளை வாயைத் திறந்துகொண்டு இருப்பான். அம்மாவின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டான்.

குத்தும்போது நிமலனின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று இவன் நினைத்திருந்தான்.

வாய் வரவில்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சுகிர்தன் இவன் முகத்தைப் பார்த்தான். நிமலனின் அதே மூக்கு. அதே ஏறு நெற்றி. யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு முழங்கால் மடிந்து விழுந்தான்.

குடிவெறி என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள். தூக்கிவிடக் குனிந்த தொப்பிக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்து அலறினார். முரசு நின்றது. விஷயம் தெரியாத ட்ரம்பெட் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக ஊதிக்கொண்டிருந்தது.

இவன் கத்தியைக் குப்பைப் பீப்பாய்க்குள் விட்டான். காகிதத் தட்டுகளுக்கு நடுவில் அது இறங்கிப் போனது. திரும்பினான்.

போக முடியவில்லை. பார்க்க ஓடிவந்தவர்கள் இவனையும் சேர்த்து உள்ளே தள்ளினார்கள். யாரோ இடறி முதுகில் விழ, இவன் முழங்காலில் போய் விழுந்தான். சுகிர்தனுக்குப் பக்கத்தில்.

அவள் வந்தாள்.

ரொட்டிக் கடையிலிருந்து, கையெல்லாம் மாவும் எண்ணெயுமாக, ஆட்களைப் பிடித்து எறிவதைப் போல விலக்கிக்கொண்டு வந்தாள். சுகிர்தனின் மனைவி யெசேனியா. இடுப்புத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் காயத்தில் வைத்து அழுத்தினாள். துணி சிவந்தது. கை வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். மறுபடி வழுக்கியது.

நிமிர்ந்து, முழங்காலில் இருந்த இவனைப் பார்த்தாள்.

“அண்ணை, நீங்கள் இவரோட வந்தனீங்களோ?”

தமிழ். வீட்டில் அம்மா பேசுகிற அதே யாழ்ப்பாணத் தமிழ். ரகரத்தை மட்டும் நாக்கில் உருட்டினாள்.

இவன் தலை ஆமென்று தானாக அசைந்துவிட்டது.

“என்ர கை வழுக்குது. நீங்கள் பிடியுங்கோ. இறுக்கிப் பிடியுங்கோ.”

இவனுடைய கைகளைத் தானே பற்றி இழுத்துத் துணியின் மேல் வைத்தாள். அந்தக் கைகளில் ஏற்கெனவே இரத்தம் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அங்கே எல்லார் கையிலும் இரத்தம்தான்.

சுகிர்தனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளங்கைக்குக் கீழே துடித்தது.

நின்று நின்று துடித்தது.

இவனுக்கு விளங்கியது. கத்தி தேவையில்லை. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். யாருக்கும் தெரியாது. அழுத்தியும் நிற்கவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

தளர்த்தினான்.

விரல்களுக்கிடையில் இரத்தம் பீறிட்டு அவள் மார்பில் தெறித்தது. சுகிர்தனின் குதிகால் தார்த் தெருவில் அடித்தது. இன்னொருமுறை அடித்தது. தொண்டையில் கொளகொளவென்று சத்தம் வந்தது.

“ஐயோ அண்ணை!”

அந்தக் குரலை இவன் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறான். அறுவைச் சிகிச்சை முடிந்து நிமலனை வெளியே கொண்டுவந்தபோது, போர்வைக்கு மேலே கிடந்த கட்டுகளைப் பார்த்து அம்மா போட்ட குரல்.

நினைத்து முடிப்பதற்குள் இவன் கைகள் அழுத்திவிட்டிருந்தன.

தூரத்தில் சைரன் கேட்டது. கூட்டம் வழிவிட்டுப் பிளந்தது. இப்போது போகலாம். இவனுக்கு நேராகவே வழி திறந்து கிடந்தது.

சுகிர்தன் கண்ணைத் திறந்தான். நேரே இவனைத்தான் பார்த்தான். உதடுகள் அசைந்தன. இவன் குனிந்து காதைக் கொடுத்தான்.

“போடா. பொலிஸ் வருது.”

“என்ன சொல்லுறார்? அண்ணை, என்ன சொல்லுறார்?”

“ஒண்டுமில்லை.”

பூட்ஸ் சத்தங்கள் ஓடிவந்தன.

இவன் முழங்கால்களை அகட்டி ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் கைகளில் இறக்கினான்.