உப்பு போன வழி

மகள் நட்டாஷா, கெட்ட தண்ணீரால் வரும் நெருப்புக் காய்ச்சலில் இறந்த நாளிலிருந்து லெஸ்டர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு பீலிக்ஸின் மலசலகூடக் குழிதான் தன் கிணற்றைக் கெடுத்ததாம். பீலிக்ஸ் மறுத்துப் பார்த்தார். பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

ஆறு மாதம் கழித்து, மண்ணுக்குள் நீர் ஓடும் வழியைப் படமெடுக்கும் ஆய்வாளர் சர்மிளா, அவர்கள் குடியிருந்த, வாவி சூழ்ந்த புளியந்தீவுக்கு வந்தாள். இரண்டு வீட்டுக் குழிகளிலும் வெவ்வேறு நாட்களில் உப்புத் தண்ணீர் ஊற்றினாள். நிலத்தில் கம்பிகளை நட்டு மின்சாரம் பாய்ச்சினாள். உப்புத் தண்ணீர் போகும் வழியை மின்சாரம் காட்டிக்கொடுக்கும்.

மதிலருகே அவள் மடிக்கணினியைத் திறந்தபோது லெஸ்டரும் பீலிக்ஸும் குனிந்து பார்த்தார்கள்.

"நீலமாத் தெரியிறது உப்புத் தண்ணி. பீலிக்ஸ் அங்கிள்ர குழியில ஊத்தினது நேரா வாவிக்குப் போகுது. கிணத்துப் பக்கம் வரவேயில்ல."

"அப்ப கிணத்துக்கு எங்கால வருது?" என்றார் லெஸ்டர்.

அவள் அடுத்த படத்தைக் காட்டினாள். லெஸ்டரின் குழியிலிருந்து புறப்பட்ட நீலம் அவர் கிணற்றிலேயே போய் முட்டியது. குழி கட்ட வந்த மேசன் சொன்ன இடம் வேண்டாமென்று, அவரே காட்டிய இடத்தில் வெட்டிய குழி அது.

லெஸ்டர் மதிலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் மனைவி ஜொய்ஸ் சமையலை விட்டுக் குசினி வாசலுக்கு வந்தாள். "யார்ர குழியாம்?"

சர்மிளா வாய் திறக்குமுன் பீலிக்ஸ் மடிக்கணினியை மூடினார்.

"எங்கட குழிதான், ஜொய்ஸ். லெஸ்டர் சொன்னது சரி. அந்தக் கிணத்த இனிப் பாவிக்க வேணாம்."

ஜொய்ஸ் பீலிக்ஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. கணவரிடம் போய், குலுங்கிக்கொண்டிருந்த அவர் தோளில் கை வைத்தாள்.