மலக்கியின் ஜோடி

மலக்கி முன்னறையில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். நான் அவருடைய அடுக்களையில், அவருடைய ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு, அவருடைய விஸ்கியைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் விசாரிக்க வந்தவன் செய்கிற காரியமா என்றால், அயர்லாந்தில் எங்கள் கிளேர் மாவட்டத்து இழவு வீடுகளில் இதுதான் காரியம்.

அன்று மாலை டப்ளினில் பட்ஜெட் ஓட்டெடுப்பு. பீருக்கு வரியை ஏற்றும் பட்ஜெட். அது நிறைவேறினால் நான் என் பப்பை இழுத்து மூட வேண்டியதுதான்.

என் மனைவி டெர்வ்லா நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர். அந்த வரியைக் கண்டித்து அவள் பேசிய பேச்சு ரேடியோவில் வந்தபோது, என் பப்பில் ஊற்றி வைத்த பீரின் நுரை அரை மணி நேரம் அடங்காமல் நின்றது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மலக்கி ஆளுங்கட்சி. எங்கள் தொகுதியேதான்; இங்கே ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் உண்டு. அவரும் டெர்வ்லாவும் சபையில் ஜோடி. ஒருவர் வர முடியாவிட்டால் மற்றவரும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கிக்கொள்வார். இரண்டு கட்சிக்கும் நஷ்டமில்லை. அங்கே எல்லோருக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டாம்.

எல்லோருக்கும் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவருக்குப் பல்வலி என்றால் இவள் ஓட்டுப் போட மாட்டாள். எனக்குப் பல்வலி என்று இவள் வீட்டில் தங்கினால் அவர் ஓட்டுப் போட மாட்டார். என் பல்லைப் பற்றி அந்த ஆளிடம் இவளுக்கு என்ன பேச்சு?

இருபது வருஷம் பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை செத்துப்போனார். பாவம், நல்ல மனிதர். செய்தி வந்தபோது சவரம் செய்துகொண்டிருந்தேன். சீட்டியடித்தபடியே செய்து முடித்தேன்.

இப்போது அரசுக்கு ஓர் ஓட்டு குறைவு. டெர்வ்லா எதிர்த்து ஓட்டுப் போட்டால் வரி தோற்கும். செத்தவரோடு ஜோடிக் கணக்கு கிடையாது என்று அவள் கட்சித் தலைவரே சொல்லியிருந்தார். அவளும் காலையில் டப்ளினுக்குக் கிளம்பிவிட்டாள்.

ரேடியோ முடிவைச் சொன்னது. இரு பக்கமும் சமம். சபாநாயகர் தன் ஓட்டை அரசுக்குப் போட்டார். வரி நிறைவேறியது. எதிர்க்கட்சியில் ஒருவர் வரவில்லை.

பெயரைச் சொல்வதற்குள் ரேடியோவை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனேன்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில், மழையில் நனைந்த கோட்டோடு டெர்வ்லா நின்றுகொண்டிருந்தாள். மலக்கியின் மனைவி அவளுக்குத் தேநீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த வீட்டுக்காரிக்கும் இருபது வருஷமாகப் பல்வலி இருந்திருக்கிறது.

திரும்பும்போது காரில் கேட்டேன்: போனது என் பப், அது போகட்டும், செத்தது நானாக இருந்தால் எனக்காக இப்படி ஒதுங்கியிருப்பாயா?

"நீ செத்திருந்தா ஓட்டுப் போட்டுட்டுத்தான்யா வந்திருப்பேன்," என்றாள். "நீ நம்ம கட்சி ஆளாச்சே."

மறுநாள் காலை பப்பைத் திறக்கும் முன்பு, மலக்கியின் கட்சி அலுவலகத்துக்குப் போய், உறுப்பினராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தேன்.