ரூபனின் குரல்

வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களால் பாடும் இரண்டு குழுக்களின் புதிய ஆல்பங்களை ஒப்பிட்டு விமர்சனம் எழுதினாள் பெனினா. ஒரு குழுவில் அவள் தம்பி ரூபன் பாடியிருந்தான். பிசிறே கிடையாது; எல்லாக் குரலையும் கணினியில் வைத்து இழைத்திருந்தார்கள். மற்றதில் ஒரு பெண்ணின் குரல் உச்சத்தில் லேசாக உடைந்தது. கூடப் பாடியவர்கள் அதைத் தாங்கிக்கொண்டு மேலே போனார்கள். பெனினா தயங்காமல் அவர்களுக்கே முதலிடம் கொடுத்தாள்.

பத்திரிகை வந்த அன்று ரூபன் போன் செய்தான். "எங்க பாட்டுல என்னக்கா தப்பு?"

"தப்பே இல்லடா. ஆனா எத்தனை தடவை கேட்டும் அதுல உன் குரல் எதுன்னு எனக்குத் தெரியல."

அவள் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ரூபன் தொண்டையைச் செருமிக்கொண்டு, போனிலேயே தனியாகப் பாடத் தொடங்கினான். பெனினா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.