நீல போர்ட்

தேன்மொழியின் லேப்டாப் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, அடுத்ததை அனுப்பாமல் நின்றது.

"சீக்கிரம் தள்ளுப்பா. மூணு மணி நேரமா ஊர்றே," என்றது ஒயரின் மறுமுனையில் இருந்த ஹார்ட் டிஸ்க்.

"நீ வாங்கி முடிச்சதும் தேன்மொழி இதையெல்லாம் என்கிட்டருந்து அழிச்சிடுவா. இடம் பத்தலையாம். ஒரு தடவை பார்த்துட்டுத் தர்றேனே. இதோ பாரு, முகமெல்லாம் தயிர்சாதம் அப்பிக்கிட்டு அவ பொண்ணு."

"நான் பத்திரமா வச்சிருப்பேன்."

"தெரியும். பீரோவுக்குள்ள. அங்க யாரு பார்ப்பா?"



தேன்மொழிக்குப் பொறுமை போனது. ஒயரை மாற்றிப் பார்த்தாள், அப்போதும் ஊர்ந்தது. பிறகுதான் கவனித்தாள், இத்தனை நேரம் பழைய கறுப்பு போர்ட்டில் செருகியிருந்தாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வேகமான நீல போர்ட்டில் மாற்றினாள். இப்போது லேப்டாப்பால் எதையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆறே நிமிடத்தில் அத்தனை படங்களும் போய்ச் சேர்ந்தன. அவள் லேப்டாப்பில் இருந்தவற்றை அழித்தாள்.

"உடம்பு லேசா இருக்கு," என்றது லேப்டாப். "ஆனா உன்கிட்ட எதையோ ஒரு தடவை காட்டச் சொல்லிக் கேட்கணும்னு இருந்தேன். என்னன்னுதான் ஞாபகம் வரலை."

"தயிர்சாதம்..." என்று டிஸ்க் அவசரமாக ஆரம்பித்தது.

அதற்குள் தேன்மொழி ஒயரை உருவிவிட்டாள்.