பதினோரு பேர் சாப்பாடு

“இன்னிக்கு என் கைச் சமையலைப் பதினோரு பேரு சாப்பிட்டாங்க கண்ணு. வரகரிசிச் சோறு, பாகற்காப் பொரியல். அதுல ரெண்டு பேரு அழுதே போட்டாங்க.”

கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு அவர் சொன்னார்.

கனடாவில் விடிந்துகொண்டிருந்தது. மகள் தேன்மொழி காபிக் கோப்பைக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

“அப்பா, அந்த அடுக்குமாடியில உங்களுக்குப் பதினோரு பேரைத் தெரியாது.”

அது உண்மை.

மனைவி ரங்கநாயகி இருந்தவரை அக்கம்பக்கம் அவள் இலாகா. அவள் போன பிறகு அவர் பன்னும் டீயுமாக வாழ்ந்தார். சர்க்கரை ஏறியது. எடை இறங்கியது.

அதனால்தான் மகள் அவர் கைப்பேசியில் அந்தச் செயலியைப் போட்டுவிட்டாள். வாரம் முழுக்க என்ன சமைப்பது என்று அது சொல்லும். காய்கறிக் கடைக்கும் அதுவே சொல்லிவிடும். அவர் என்ன சாப்பிட்டார் என்று அவளுக்கும் காட்டும்.

ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு முதியோர் இல்லம். அங்கே மூன்று வேளையும் மணியடித்துச் சோறு போடுவார்கள். இதுதான் பேச்சு.

வீட்டில் எத்தனை பேர் என்று செயலி கேட்டது.

அவர் ஒன்றை அழுத்தினார்.

கையோடு இன்னொரு தடவையும் அழுத்தினார்.

பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும். இரண்டு கொடுத்தால்தான் கிளம்பும். அவர் விரலுக்கு அது மட்டும்தான் தெரியும்.

பதினோரு பேருக்கான காய்கறி வந்து இறங்கியது.

பூசணிக்காயை நகர்த்தக் கிரேன் தேவைப்பட்டது. கீரை, நாற்காலிகளைப் பிடித்து உட்கார்ந்துகொண்டது. பாகற்காய், பேருந்துப் படியில் தொங்கும் கூட்டம்போல் படுக்கையறை வரை பிதுங்கி நின்றது.

திருப்பி அனுப்பியிருக்கலாம். ஏறின ஆளை நடுவழியில் இறக்கிவிட்டுப் பழக்கமில்லை.

சமைத்தார்.

ரங்கநாயகி பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாக்கள் பரணில் இருந்தன. அதில் பத்து டப்பாக்களை நிரப்பினார். சட்டை மாற்றி, தலை சீவி, வீடு வீடாக மணி அடித்தார்.

கதவுகள் டப்பா நுழையும் அளவுக்குத் திறந்தன.

வாங்கிக்கொண்டார்கள். மூடிக்கொண்டார்கள்.

ஒருவர் மட்டும், “எவ்வளவுங்க?” என்று கேட்டார்.

பதினோராவது ஆள் வீடு திரும்பி, தொலைக்காட்சிக்கு எதிரே தட்டை வைத்துக்கொண்டார்.

யாரும் அழவில்லை. அது சும்மா, ஒரு தாளிப்பு.

“சரி, சாப்பிட்டவங்க பேரைச் சொல்லுங்க” என்றாள் மகள்.

“டிக்கெட் வாங்குனவன் பேரை எந்தக் கண்டக்டரு கேட்டான்?”

அவள் சிரிக்கவில்லை.

“எட்டுப் பேரு ஏறுனா எண்பதும்பீங்க. அம்மா நம்புவாங்க. ஞாயித்துக்கிழமை அந்த முதியோர் இல்லத்தைப் போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. பாக்கறதுல என்ன இருக்கு?”

அவள் முகம் மறைந்தது. செம்பில் சாய்ந்திருந்த கறுப்புத் திரையில் மின்விசிறி சுற்றியது.

வியாழக்கிழமை யாரும் வந்து மணி அடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமையும்.

அவரும் கதவைத் திறக்கவில்லை. யாருக்காகத் திறப்பது?

டப்பாக்களும் போயின என்று முடிவு கட்டினார். ரங்கநாயகியின் படத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் கடந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம், பூசணித் தோலைக் கொட்டக் கதவைத் திறந்தார்.

செருப்பு அலமாரி மேல். அதன் கீழ். மிதியடியில். சுவரோரம்.

டப்பாக்கள்.

ஒன்றைத் தூக்கினார். கனத்தது.

வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. அந்தக் கதவுகளுக்கும் இது தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து வைத்தார். மகளை அழைத்தார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினார்.

எலுமிச்சை ஊறுகாய். மடித்து வைத்த சப்பாத்தி. நேந்திரங்காய் வறுவல். பிரிக்காத நூடுல்ஸ் பொட்டலம், டப்பாவுக்குள் அடங்காமல். தனியாக ஒரு முட்டை.

கடைசி டப்பாவில், கொடுக்க வேறொன்றும் கிடைக்காத யாரோ ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டிருந்தார்கள்.

அவள் உதடு அசைய எண்ணினாள்.

“பத்துத்தானேப்பா இருக்கு.”

“பதினொண்ணாவது நானு.”

அவர் டப்பாக்களை வரிசையாக நகர்த்தி வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை எனக்கு எங்க கண்ணு நேரம்? இத்தனையும் மறுபடி ரொப்பணும்.”

சர்க்கரை டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு, “வெங்காயம்” என்றார்.

அன்றைக்கு அவர் வெங்காயம் அரியவே இல்லை.

“ரெண்டு பேரு அழுதாங்கன்னு சொன்னேன் பாரு. அது மட்டும் கொஞ்சம் சேத்துச் சொன்னதுதான்.”

திரையில் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“இல்லப்பா” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கணக்கு சரியாத்தான் இருக்கு.”