சவுண்டு வரல

"மணி மூணு நாப்பது ஆவுது பாய். நாலு மணிக்கு என் பையன் கூப்புடுவான்" என்றார் சின்னராசு.

"கூப்புடட்டுங்க. படம் வந்துடுச்சு பாருங்க. சவுண்டுதான் முரண்டு பண்ணுது" என்றான் ஆஷிக்.

ஆஷிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். சங்கராபுரம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த சின்னராசுவின் வீட்டுக்கு மதியமே பைக்கில் வந்துவிட்டான். டீவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு போர்டு தொங்கியது. போனில் ஓடும் ஆண்ட்ராய்டை அதில் ஏற்றியிருந்தான். கடையில் ஆள் வராத நேரங்களில் விளையாட்டாகப் பழகிய வேலை. பழைய டீவி இப்போது ஒரு பெரிய போன். அதன் தலையில் ஒரு கேமரா, முன்னால் ஒரு மவுஸ். ஜன்னலில் வைத்த அவனுடைய போனிலிருந்து நெட்.

சத்தம் மட்டும் இல்லை.

"இந்த ஆண்ட்ராய்டு ஃபைலை யாரோ மொகந்தெரியாத ஆளு செஞ்சு ஓசியில குடுத்திருக்காரு. நாமதான் தாஜா பண்ணணும்."

"படம் வந்தா போதும். வுடு பாய்."

"இன்னாங்க நீங்க? ரெண்டு வருசம் கழிச்சுப் பேசப் போறீங்க. ஊமைப்படமா பாப்பீங்க?"

சின்னராசு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னேன், என் போன்லயே பேசிடுங்கன்னு" என்றான் ஆஷிக்.

"கையில புடிச்சுக்கினு பேச எனக்கு வராது. அதுல சின்னதா வேற தெரியும். என் கண்ணுக்குப் பத்தாது."

மகன் பிரவீன்குமாருக்கு ஓசூரில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவன். அவன் அம்மாவும் பின்னாலேயே போய்விட்டாள். இந்த நான்கு மணியை அவள்தான் அவனிடம் கெஞ்சி வாங்கியிருந்தாள். ஷிப்டுக்கு முன்னால் பத்து நிமிடம். ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் கேட்கக் கூடாது.

ஆஷிக் ஒரு ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினான்.

"அப்பிடி இன்னாங்க சண்டை?"

"அவன் பேசுனா எனக்கு ஆவாது. ஆரம்பிச்சாலே கையிலயே போடுவேன். நாலு பேரு எதிர்ல பேசிட்டான்னா ஜாஸ்தியாவே வுழும்."

"எங்க அத்தாவும் கையிலதான் போடுவாரு. அதுக்கெல்லாம் ஓடுனா நான் இந்நேரம் டெல்லியில இருக்கணும்."

"கடைசியா ஒரு கல்யாணத்துல. சொந்தக்காரங்க எல்லாம் பாத்துக்கினு இருக்காங்க. அவன் பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கான். வூட்டுக்கு இட்டுக்கினு வந்து கம்பால போட்டேன். ரெண்டு வெரலு வீங்கிடுச்சு. மறுநா காலையில ஆள் இல்ல."

"அப்பிடி இன்னா பேசுனாரு?"

"சாப்பாடு நல்லா இருக்குதுன்னு."

ஆஷிக் ஸ்குரூ டிரைவரை எடுத்தான், வைத்தான்.

"இன்னிக்கு இன்னா பேசப் போறீங்க?"

"மூணு மாசமா அதான் பழகிக்கினு இருக்கேன். அவன் மொகத்தப் பாத்ததும் மறந்துடுமோன்னு பயமா இருக்குது."

"பெத்த புள்ளகிட்ட பேசறதுக்குப் பழகுவாங்களா?"

"இத்தினி வருசமா நான் பழகல. அதான் தப்பு."

சின்னராசு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். டியூப்லைட்டைப் போட்டார்.

"நான் எதுவரைக்கும் தெரியறேன்?"

"மொகம் பளிச்சுனு தெரியுது."

"இடுப்பு வரைக்கும் தெரியணும்."

"பொண்ணு கேக்கவா போறீங்க? மொகம் போதாதா?"

"வை பாய்."

ஆஷிக் கேமராவைச் சாய்த்தான். சின்னராசு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டார்.

நான்கு மணிக்கு டீவியில் பிரவீன்குமாரின் பெயர் வந்தது. பச்சைப் பொத்தான் துடித்தது. சத்தமில்லை.

"எடுக்காதீங்க" என்றான் ஆஷிக். "அஞ்சு நிமிசம் குடுங்க, சரி பண்ணிடறேன். அப்பறம் கூப்புடச் சொல்லுங்க."

"அப்பறம் கூப்புட மாட்டான்."

சின்னராசு மவுஸைப் பிடித்தார். அம்புக்குறி பச்சையைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது. அழுத்தினார்.

ஆஷிக் டீவிக்குப் பின்னால் போய் மண்டியிட்டு, போர்டின் மேல் குனிந்தான்.

திரையில் நீலச் சட்டை போட்ட இளைஞன். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்தான். பார்வையை எடுத்துவிட்டான்.

சின்னராசு எழுந்து நின்றார். வாய் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கினார். விரல்கள் மடங்கின, விரிந்தன, ஓர் இடத்தில் தவறின. நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிரவீன்குமார் கட்டிய கைகளைப் பிரித்தான். அவன் விரல்கள் மளமளவென்று பதில் சொல்லின. அப்பா முழிப்பதைப் பார்த்து நிறுத்தினான். பிறகு அதையே, ஒவ்வொரு விரலாக, மெதுவாகச் சொன்னான்.

டீவிக்குப் பின்னாலிருந்து ஆஷிக்கின் குரல் வந்தது.

"ஐயா, சவுண்டு வந்துடுச்சுங்க. தம்பி பேசுறது கேக்குதா?"