பன்னிரண்டு நிமிடத் தாமதம்

ஒரு கையில் அறுந்த செருப்பு, இன்னொரு கையில் ஈரத் துண்டு. கொதித்துக்கொண்டிருந்த துறைமுகத் தரையில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அறுபத்தாறு வயதில் அதை ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கப்பல் இரண்டாவது முறையாக ஊதியது. ஏழாவது தளத்தில் கம்பியோரம் வரிசையாக நின்று கை தட்டினார்கள்.

அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். நேற்றுவரை அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவர்.

ஓய்வு பெற்ற அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைக் காட்டி எல்லோரையும் விரட்டுவது பொறுக்காமல், மகன் எங்கள் இருவரையும் அனுப்பி வைத்த ஐம்பது நாள் கப்பல் பயணம் இது.

பத்துத் துறைமுகங்கள் முடிந்துவிட்டன. ஒன்றில் வெள்ளை மணல், ஒன்றில் கரித்தூள் மாதிரி மணல், ஒன்றில் கால் வைத்த இடமெல்லாம் நண்டு. தென்னை மரமும் சங்கு மாலை விற்பவரும் மட்டும் எங்களுக்கு முன்னாலேயே போய் நின்றுகொள்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கடற்கரை எனக்குப் பெரிய விஷயமில்லை. கப்பல் கிளம்புகிற நேரம்தான் விஷயம்.

எல்லாத் துறைமுகத்திலும் நாலு பேராவது பையும் தொப்பியுமாக விழுந்தடித்து ஓடி வருவார்கள். மேலே நின்று வேடிக்கை பார்ப்போம். அவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பது ஒரு பல் டாக்டரின் பொறுப்பு. எத்தனை நிமிடம் தாமதம் என்று அறிவிப்பது என் பொறுப்பு.

முப்பத்துநாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் அறிவித்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டல்லவா.

அப்படியே என் கதையையும் எடுத்துவிடுவேன். ஒரு நாள் காலை, வண்டி கிளம்ப வேண்டிய நேரம். இடுப்பில் பிள்ளையும் தோளில் பையுமாக ஒரு பெண் நடைமேடையில் ஓடி வருகிறாள். முகம் தெரிகிற தூரம்தான். பார்த்தேன். இரண்டு நிமிடம் தாமதம். பச்சைக் கொடியைக் காட்டிவிட்டேன். அடுத்த வண்டி மறுநாள்தான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். யாருக்காகவும் வண்டியை நிறுத்தாதவர் என்று பிரிவு உபசார விழாவில் என்னைப் புகழ்ந்ததையும் கூடவே சொல்லி வைப்பேன்.

என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள். முட்டி வலியோடு நிற்பவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று நானே சமாதானம் செய்துகொள்வேன். ஆனாலும் ஒவ்வொரு துறைமுகத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் அறைக்குப் போவாள்.

இன்று முட்டி வலி அதிகம் என்று கடற்கரையிலிருந்து முன்னதாகவே கிளம்பினாள். நேரத்துக்கு வந்துவிடச் சொன்னாள். யாரைப் பார்த்து என்ன சொல்கிறாள் என்று நான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன்.

கரையில் இறங்கியதும் துறைமுகக் கடிகாரத்தைப் பார்த்து என் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வது வழக்கம். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஸ்டேஷன் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதுதான் எனக்கு வேதம். நாலு மணிக்குக் கப்பலில் இருக்க வேண்டும். என் கடிகாரப்படி இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவசரமாகத் துண்டை உதறிக் கிளம்பிய ஒரு குடும்பத்திடம், பதறாமல் உட்காருங்கள் என்று சைகையில் அறிவுரைகூடச் சொன்னேன்.

அவர்கள் கப்பலிலிருந்து இறங்கும் வழியில் இருந்த பலகையைப் படித்தவர்கள். இந்தத் தீவின் நேரம் கப்பல் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் அறிவிப்புப் பலகை எழுதிப் போட்டவனுக்கு அதைப் படிக்கத் தோன்றவில்லை.

கப்பல் முதல் முறை ஊதியபோது தண்ணீரில் மல்லாந்து கிடந்தேன். எந்தக் கப்பலோ நேரம் தவறிக் கிளம்புகிறது, இதெல்லாம் ஒரு நிர்வாகமா என்று நினைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் துறைமுகத்தில் ஒரே ஒரு கப்பல்தான் நின்றது.

பன்னிரண்டு நிமிடம் தாமதம். பல் டாக்டர் இந்நேரம் எனக்கும் ஒரு பெயர் வைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கப்பல் இன்னும் கிளம்பவில்லை.

கரையையும் கப்பலையும் சேர்க்கும் நடைபாலத்தின் நட்ட நடுவில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. வெள்ளைச் சட்டை அதிகாரிகள் மூன்று பேர் கையைப் பிசைந்துகொண்டு சுற்றி நின்றார்கள். முட்டி பிடித்துக்கொண்டதாம். தூக்கப் போனால் அலறுகிறாளாம்.

என்னைப் பார்த்ததும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். யார் கையையும் பிடிக்கவில்லை.

நான் மூச்சு வாங்கக் குனிந்து நின்றேன். அவள் என் கையிலிருந்த அறுந்த செருப்பை வாங்கிக்கொண்டாள்.

"செருப்பைத் தூக்கிட்டு ஓடினதுக்கே இப்படி மூச்சு வாங்குதே. நம்ம பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு ஓடிப் பாருங்க."

முப்பத்தோரு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவள் பேசியது இதுதான் முதல் தடவை. குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் அப்படியே கடலில் இறங்கிவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

மேலே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் வண்டியைப் பிடித்து அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் என் மாமனாரின் உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். இதை நான் கதையில் சொல்வதில்லை.

அன்று அவளுக்கு அந்த இரண்டு நிமிடம் போனது, எனக்கு மதியச் சாப்பாடு கட்டி வைத்ததில் என்பதையும்.